நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ்

நிழற்படக் கலை தோன்றிய நாளில் அதற்கு ஒரு பெருங்குறை இருந்தது. மலையும் மரமும் ஆறும் தகட்டில் அழகாகப் பதிந்தன. வானம் மட்டும் பதியவில்லை. அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளில் பூசப்பெற்ற வெள்ளி உப்புகள் நீல ஒளியை மிக விரைவாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை; சிவப்பு ஒளியை ஏறத்தாழ அறியாதவை. மலைக்கும் மரத்துக்கும் வேண்டிய அளவு நேரம் காமிராவின் மூடியைத் திறந்து வைத்தால், அதற்குள் நீலவானம் அளவுக்கு மிஞ்சிய ஒளியைத் தகட்டின்மேல் கொட்டிவிடும். படி எடுத்துப் பார்த்தால், வானம் இருந்த இடம் வெறும் வெள்ளைத் தாளாகவே நிற்கும்.

1861ஆம் ஆண்டில் கார்ல்டன் வாட்கின்ஸ் என்பவர் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்கு மிகப் பெரிய தகடுகளைக் கொண்டு சென்று படங்கள் எடுத்தார். அவை பெரும்புகழ் பெற்றன. எனினும் அவற்றிலும் வானம் பெரும்பாலும் வெறுமையே. பிரான்சு நாட்டில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு ஒரு தகடுமாகத் தனித்தனியே எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்துப் பதித்துப் பார்த்தார். வாட்கின்ஸ் சென்ற அதே யோசெமிட்டியில், அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, இளைஞர் ஒருவர் ஒரே தகட்டில் வானத்தைத் தாம் எண்ணியவாறே பதித்துக் காட்டினார். அவர்தாம் ஆன்சல் ஆடம்ஸ்.

ஆடம்ஸ் 1902ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 20ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். பாட்டனார் மரவாணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். நகரின் ஓரத்தில் மணல்மேடுகளுக்கு இடையே, கடலைப் பார்த்தாற்போல் அவர்கள் வீடு அமைந்திருந்தது. 1906ஆம் ஆண்டில் அந்நகரை அழித்த பெரு நிலநடுக்கம் ஏற்பட்டபோது ஆடம்சுக்கு வயது நான்கு. பெரிய அதிர்ச்சியில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. பின்னர் வந்த சிறிய அதிர்ச்சி ஒன்று அவரைத் தோட்டத்துச் சுவரில் மோதித் தள்ளியது. மூக்கு உடைந்தது, உடைந்த மூக்கு வாழ்நாள் முழுவதும் கோணலாகவே இருந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வாணிகம் நொடித்தது. குடும்பத்தின் செல்வமும் கரைந்தது.

பள்ளியில் ஆடம்சால் ஓரிடத்தில் அமர்ந்திருக்க முடியவில்லை. பாடத்தில் மனம் செல்லாது. கால்கள் ஓடத் துடிக்கும். ஒரு பள்ளியிலும் அவர் நிலைக்கவில்லை. வேறொரு தந்தையாக இருந்தால் பிரம்பை எடுத்திருப்பார். சார்லஸ் ஆடம்ஸ் அவ்வாறு செய்யவில்லை. மகனை வீட்டிலேயே வைத்துக் கற்பித்தார். 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றபோது, ஆண்டு முழுவதும் சென்றுவர ஒரு சீட்டு வாங்கிக் கொடுத்து, அதுவே அவ்வாண்டுக்குப் பள்ளி என்றார். இயந்திரங்களையும் ஓவியங்களையும் சிலைகளையும் நாள்தோறும் கண்டு சிறுவர் வளர்ந்தார். அதற்கு முன்பே, பன்னிரண்டாம் வயதில், பியானோ வாசிக்கத் தாமாகவே கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். பள்ளியால் அடக்க முடியாத அச்சிறுவரைப் பியானோ அடக்கிற்று. ஒரு சுரம் தவறினாலும் ஆசிரியர் மீண்டும் வாசிக்கச் செய்வார். அப்பயிற்சியில் பொறுமையும் நுட்பமும் அவரிடம் வேரூன்றின.

1916ஆம் ஆண்டு கோடையில் குடும்பத்தார் யோசெமிட்டிக்குச் சென்றனர். உடல்நலமின்றிப் படுத்திருந்த நாளில் அம்மலைநாட்டைப் பற்றிய நூல் ஒன்றைப் படித்த சிறுவரின் வேண்டுகோளே அப்பயணத்துக்குக் காரணம். அங்கே பெற்றோர் அவருக்கு ஒரு சிறு பெட்டிக் காமிராவைப் பரிசளித்தனர். அப்பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்று ஒரு மலை உண்டு. உருண்டைக் கோபுரம் ஒன்றை நடுவே பிளந்து ஒரு பாதியை நிறுத்தியது போன்ற தோற்றமுடையது அது. அதனைப் படம் எடுக்கச் சிறுவர் பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை ஒன்றின்மீது ஏறினார். உளுத்த கட்டை நொறுங்கிற்று. தலைகீழாக விழும்போது விரல் காமிராவின் விசையை அழுத்திவிட்டது. கழுவி வந்த படச்சுருளில் அந்த ஒரு படம் மட்டும் தலைகீழாக இருப்பதைக் கண்டு கடைக்காரர் வியந்தாராம். ஹாஃப் டோமுக்கும் ஆடம்சுக்கும் ஏற்பட்ட உறவு இவ்வாறு ஒரு விழுக்காட்டில் தொடங்கியது. அதன்பின் தம் வாழ்நாளில் ஓராண்டும் அவர் யோசெமிட்டிக்குச் செல்லாமல் இருந்ததில்லை.

நகருக்குத் திரும்பியதும் படம் கழுவித் தரும் கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்து தொழிலைக் கற்றார். 1919ஆம் ஆண்டில் மலைகளையும் காடுகளையும் காக்கப் பாடுபட்டுவந்த சியரா சங்கத்தில் சேர்ந்தார். யோசெமிட்டியில் இருந்த அச்சங்கத்தின் இல்லத்தை நான்கு கோடைகள் பார்த்துக்கொள்ளும் பணியும் கிடைத்தது. எனினும் அவருடைய குறிக்கோள் பியானோக் கலைஞர் ஆவதே. நிழற்படம் கோடைக்கால விளையாட்டாக மட்டுமே இருந்தது.

1927ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஒரு நாள் அந்நிலை மாறியது. அன்று காலை ஆடம்சும், பின்னாளில் அவருக்கு மனைவியான வர்ஜீனியாவும், நண்பர்கள் சிலரும் ஹாஃப் டோமின் எதிரே நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறைத் திட்டுக்கு ஏறத் தொடங்கினர். வழியில் பனி உறைந்து கிடந்தது. பெரிய காமிரா, வில்லைகள், முக்காலி, பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள் ஆகிய யாவும் ஆடம்சின் முதுகில் இருந்தன. போகும் வழியிலேயே பல தகடுகள் செலவாயின, சில வீணாயின. திட்டை அடைந்தபோது கையில் எஞ்சியவை இரண்டே. மலையின் செங்குத்தான முகமோ இன்னும் நிழலில் இருந்தது. அவர்கள் காத்திருந்தனர். பிற்பகலில் கதிரவன் மெல்லச் சாய்ந்து அம்முகத்தின்மேல் ஒளியைப் படரவிட்டான்.

ஆடம்ஸ் வழக்கம்போல் வில்லையின் முன் ஒரு மஞ்சள் வடிகட்டியைப் பொருத்தி முதல் தகட்டைப் பயன்படுத்தினார். வடிகட்டி என்பது நிறமூட்டிய கண்ணாடி. தன் நிறத்து ஒளியை உள்ளே விட்டு, மாறான நிறத்தைத் தடுக்கும். மஞ்சள் வடிகட்டி நீலத்தைச் சிறிது தடுப்பதால் வானம் ஓரளவு சாம்பல் நிறமாகப் பதியும். மூடியை மூடிய அந்நொடியிலேயே ஆடம்சுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. தாம் எடுத்த படம் சரியான படமாகவே இருக்கும். ஆனால் தம்முன் நிற்கும் மலை அதில் இராது. அவர் கண்டது வெறும் பாறை அன்று. ஆழ்ந்த வானத்தின் முன்னே அச்சமூட்டும் பேருருவமாக அது அவர் மனத்தில் எழுந்து நின்றது. அவ்வுணர்வைத் தாளில் கொணர வேண்டுமானால் வானம் ஏறத்தாழக் கரியதாக வேண்டும்.

எஞ்சிய தகடு ஒன்றே. அவர் மஞ்சள் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அடர்ந்த சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினார். வில்லையின் துளையைச் சுருக்கி, ஐந்து நொடிகள் திறந்து வைத்து மூடினார்.

சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை ஏறக்குறைய முழுதும் விழுங்கிவிடும். ஆதலால் நீலவானத்திலிருந்து தகட்டை அடையும் ஒளி மிகச் சிறிது. வானம் கருமை அடைகிறது. பனியும் மேகமும் வெண்மையானவை. வெண்மையில் எல்லா நிறங்களும் கலந்திருப்பதால், நீலம் தடுக்கப்பட்டாலும் மற்ற ஒளி உள்ளே செல்லும். அவை பளிச்சென்றே நிற்கும். நிழல்களின் நிலை வேறு. கதிரவன் ஒளி படாத இடங்களுக்கு வெளிச்சம் தருவது நீலவானமே. ஆகவே அந்நிழல்களும் வானத்தோடு சேர்ந்து கருக்கும். மலை உயரத்தில் தூசியும் நீராவியும் குறைவாதலால் வானத்தின் நீலம் இன்னும் ஆழ்ந்தது. சிவப்பு வடிகட்டியின் வேலை அங்கே எளிது. இவ்வாறு செய்வதற்கு ஒரு துணை வேண்டும். பழைய தகடுகள் சிவப்பை அறியாதவை. சிவப்பு வடிகட்டியை இட்டால் அவற்றில் ஒன்றுமே பதியாது. எல்லா நிறங்களையும் உணரும் புதுவகைத் தகடு ஆடம்சின் கையில் இருந்ததனால்தான் இது கைகூடியது. வாட்கின்சிடம் இல்லாதது திறமை அன்று, இத்தகடே.

அன்றிரவு தகட்டைக் கழுவியபோது, மலையில் எண்ணியது அவ்வாறே அதில் இருந்தது. கரிய வானத்தின் முன் ஒளி தாங்கி நிற்கும் அப்படம் ஆடம்சின் பெயரை நிலைநாட்டியது. விசையை அழுத்துமுன்னரே, முடிந்த படத்தை மனக்கண்ணால் கண்டுவிட வேண்டும் என்னும் கொள்கையை அவர் வாழ்நாள் முழுதும் கற்பித்தார். அதனை அவர் கற்றது அந்த ஒரு தகட்டில்தான்.

ஆயினும் பியானோவைக் கைவிட மனம் வரவில்லை. 1930ஆம் ஆண்டில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பால் ஸ்டிராண்டு என்னும் கலைஞரைச் சந்தித்தார். ஸ்டிராண்டு தாம் எடுத்த நெகட்டிவ்களை மட்டும் வெள்ளைத் தாளின்மேல் வைத்துக் காட்டினார். அவற்றைக் கண்ட ஆடம்ஸ் தம் வழி எது என்று உறுதி செய்துகொண்டார். தாயாரும் அத்தையும் வருந்தினர். மனித ஆன்மாவைக் காமிரா எங்ஙனம் வெளியிடும் என்று கேட்டனர். காமிராவால் இயலாது போகலாம், அதனை இயக்குபவனால் இயலக்கூடும் என்பது அவர் மறுமொழி. 1932ஆம் ஆண்டில் எட்வர்டு வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோருடன் ஒரு குழு அமைத்தார். படத்தை மங்கலாக்கி ஓவியம்போல் காட்டுவது அன்றைய நாகரிகம். அதனை இக்குழுவினர் எதிர்த்தனர். அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள சிகரமும் ஒருங்கே கூர்மையாகத் தெரிய வேண்டும் என்றனர்.

இசைக் கல்வி வீண் போகவில்லை. நெகட்டிவ் என்பது எழுதிவைத்த இசைக் குறிப்பு, அதிலிருந்து தாளில் எடுக்கும் படியே கச்சேரி என்பது ஆடம்சின் கருத்து. ஒரே குறிப்பை வாசிப்பவர் நாளுக்கு ஒரு வகையாக வாசிக்கலாம், குறிப்பு மாறுவதில்லை. 1940ஆம் ஆண்டை ஒட்டி ஃபிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து அவர் ஒரு முறையை வகுத்தார். முழு இருளிலிருந்து தூய வெண்மைவரை பதினொரு படிகள் அமைத்து, காட்சியின் ஒவ்வொரு பகுதியும் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று எடுப்பவரே முன்கூட்டி முடிவு செய்ய வழி காட்டிற்று அது. வானத்தை எவ்வளவு ஆழமாக்குவது என்பது தற்செயலாக நேர்வது அன்று, அறிந்து செய்வது என்றாயிற்று.

அறிவு எத்துணை விரைவில் கைகொடுக்கும் என்பதற்கு 1941ஆம் ஆண்டு இலையுதிர் காலத்து மாலை ஒன்று சான்று. நியூ மெக்சிகோவில் ஆடம்ஸ் தம் மகனுடனும் நண்பர் ஒருவருடனும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். பகல் முழுதும் முயன்றும் நல்ல படம் வாய்க்கவில்லை. ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரை அடைந்தபோது, கிழக்கே பனிச்சிகரங்களுக்கு மேல் நிலா எழுந்திருந்தது. மறையும் கதிரவனின் கடைசி ஒளியில் ஊர்க் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் வெள்ளையாய் மின்னின. காரை நிறுத்தி, முக்காலியையும் காமிராவையும் நிறுத்தியாயிற்று. ஒளியளவியைக் காணவில்லை! தேடுவதற்கு நேரமும் இல்லை. நிலவின் ஒளி கேண்டில் என்னும் அளவில் சதுர அடிக்கு 250 என்பது அவருக்கு நினைவிருந்தது. அந்த ஓர் எண்ணிலிருந்து நிமிடத்தில் கணக்கிட்டு, ஒரு நொடி திறந்து மூடினார். இரண்டாவது படம் எடுக்கத் தகட்டுறையைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் ஒளி அவிந்துவிட்டது.

கிடைத்தது ஒரே நெகட்டிவ். அதுவும் எளிதில் படி எடுக்கத் தக்கதாக இல்லை. தரைப்பகுதி மெலிந்து கிடந்தது. வானத்திலோ வேண்டாத மேகக் கீற்றுகள் பரவியிருந்தன. இருட்டறையில்தான் உண்மையான உழைப்பு தொடங்கிற்று. நெகட்டிவின் வழியே தாளில் ஒளி விழும்போது, மிகுதியான ஒளி பெறும் இடம் கருக்கும். குறைவாகப் பெறும் இடம் வெளுக்கும். துளையிட்ட அட்டையாலும் கைகளாலும் மற்ற இடங்களை மறைத்துக்கொண்டு, வானத்துக்கு மட்டும் மேலும் மேலும் ஒளி ஊட்டினார். சிலுவைகள் இருளாதபடி அங்கே ஒளியைத் தடுத்தார். அட்டை ஓரிடத்தில் நின்றுவிட்டால் தாளில் கோடு விழும். ஆதலால் அதனை அசைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஏழாண்டுகள் கழித்து, 1948இல், நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ஒரு வேதிக் கரைசலில் நனைத்து வலுவூட்டினார். ஒன்றே ஒன்றான பொருளை அழித்துவிடக்கூடிய செயல் அது. முதலில் எடுத்த படிகளில் வானம் வெளிறி, மேகம் தெரிய நிற்கிறது. பிற்காலத்துப் படிகளிலோ நிலவைச் சூழ்ந்து ஆழ்ந்த கருமையே உள்ளது. அந்த ஒரு நெகட்டிவிலிருந்து அவர் தம் வாழ்நாளில் எடுத்த படிகள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் என்பர். இன்று கணிப்பொறியில் படம் திருத்தும் மென்பொருள்களிலும் ஒளியைத் தடுக்கும் கருவிக்கும் மேலும் ஊட்டும் கருவிக்கும் பழைய இருட்டறைப் பெயர்களே வழங்குகின்றன.

இவ்வாறு வானத்தைக் கருமையாக்குவது முறையா என்ற கேள்வி எழாமல் இல்லை. 1944ஆம் ஆண்டில் லோன் பைன் என்னும் ஊரிலிருந்து பனிக்காலத்து விடியலைப் படம் எடுத்தார். கடுங்குளிரில் நாட்கணக்கில் காத்திருந்து பெற்ற படம் அது. அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊரின் முதலெழுத்துகள் இரண்டை எதிரே இருந்த குன்றில் வெள்ளைக் கற்களால் பெரிதாக அமைத்திருந்தனர். ஆடம்ஸ் அவ்வெழுத்துகளைப் படத்திலிருந்து நீக்கிவிட்டார். இருந்ததை இல்லாமற் செய்தார் என்று சிலர் குறை கூறினர். அவரோ தாம் செய்ததை மறைக்கவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை. வானத்தை ஆழமாக்குவதும் எழுத்தை அழிப்பதும் ஒரே வகைச் செயல்கள் என்று கொள்வதற்கில்லை. முன்னது ஒளியின் அளவை மாற்றுவது. பின்னது ஒரு பொருளையே நீக்குவது. ஆயினும் பாராட்டத்தக்கது ஒன்று உண்டு. காமிரா, நெகட்டிவ், படியெடுத்தல் ஆகியவற்றைப் பற்றித் தனித்தனி நூல்கள் எழுதி, எந்தப் படத்தில் எங்கே எவ்வளவு ஒளி ஊட்டினார் என்பதைக்கூட அவர் வெளிப்படையாகக் கற்பித்தார்.

லோன் பைனுக்கு அவர் வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு சப்பானிய மரபினர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரைக் குற்றம் ஏதுமின்றி முகாம்களில் அடைத்து வைத்தது. அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அம்முகாம்களுள் ஒன்றாகிய மன்சனார் லோன் பைனுக்கு அருகில் இருந்தது. 1943ஆம் ஆண்டு முதல் ஆடம்ஸ் அங்கே சென்று, அம்மக்களின் முகங்களையும் உழைப்பையும் படம் எடுத்து, போர் முடியுமுன்னரே, 1944இல், நூலாக வெளியிட்டார். பகைவர்க்குத் துணை போகிறார் என்று பழித்தவர்களும் இருந்தனர். அப்படங்களைப் பின்னர் அவர் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்துக்கு வழங்கிவிட்டார்.

மலைகளைப் படம் எடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 1938ஆம் ஆண்டில் வெளிவந்த சியரா நெவாடா மலைப்படங்களின் தொகுப்பு, 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அமைவதற்குத் துணையாயிற்று. அவ்வாண்டிலேயே நியூயார்க் நகரின் நவீனக் கலைக்கூடத்தில் நிழற்படத்துக்கெனத் தனித்துறை ஏற்படவும் அவர் உதவினார். வண்ணப்படங்களும் ஆயிரக்கணக்கில் எடுத்தார். ஆனால் அவற்றில் அவர் மனம் நிறைவு பெறவில்லை. வண்ணத்தில் வானத்தைக் கண்ணுக்குத் தெரிந்ததைவிட மிகுதியாக ஆழ்த்தினால் பொய்மை உடனே புலப்பட்டுவிடும். கறுப்பு வெள்ளையில் அவர் விரும்பிய உரிமை அங்கே இல்லை. 1980ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் நாட்டின் உயர்ந்த குடிமைப் பதக்கத்தை அவருக்கு அளித்தார். 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில், ஆடம்ஸ் காலமானார். யோசெமிட்டியை ஒட்டியுள்ள சிகரம் ஒன்று மறு ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒளியின் அளவைத் துல்லியமாக நினைவில் வைத்த அவருக்கு நாட்களைக் குறித்து வைக்கும் வழக்கம் இல்லை. ஹெர்னாண்டஸ் நிலாப் படத்துக்கு 1940 முதல் 1944 வரை வெவ்வேறு ஆண்டுகளைக் கூறிவந்தார். வானத்தில் நிலா நின்ற இடத்தைக் கொண்டு நாளைக் கணிக்க வானியலார் முன்வந்தனர். 1980ஆம் ஆண்டையொட்டி டேவிட் எல்மோர் என்பவர் செய்த கணிப்பு, 1941 அக்டோபர் 31 என்று காட்டியது. டென்னிஸ் டி சிக்கோ என்பவர் காமிரா நின்ற இடத்தை நேரில் சென்று தேடி, அக்கணிப்பில் பிழை இருப்பதைக் கண்டார். 1991ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவின்படி, அப்படம் எடுக்கப்பெற்றது 1941 நவம்பர் 1ஆம் நாள், மாலை 4 மணி 49 நிமிடம் 20 நொடி.